இருபத்து நாலரை சதுர சென்டிமீட்டர்

மைசூர்க்காரனுக்கு டயரைப் பற்றி யாரும் பாடம் நடத்த முடியாது என்பது என் நெடுநாள் கொள்கை. காரணம் இருக்கிறது. கே.ஆர்.எஸ். சாலையில் மேட்டகள்ளிப் பக்கம் விக்ராந்த் டயர்ஸ் இருந்தது. 1997-இல் அது ஜே.கே. டயர் கைக்குப் போயிற்று. இன்றும் டயர் செய்துகொண்டிருக்கிறது. அதே வட்டாரத்தில் ஃபால்கன் டயர்ஸ் பல காலம் டன்லப் பெயரில் ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் டயர் போட்டது. நான் வங்கியில் வேலை பார்த்தவன். டயர் கம்பெனிச் சிப்பந்திகள் பலர் என் கவுண்டரில் வந்து பணம் எடுத்திருக்கிறார்கள். டயர் ஞானம் பெற இதைவிட ஒருவனுக்கு என்ன யோக்கியதை வேண்டும்?

போதாது என்று நினைக்கும் ஒரே ஆள் என் மனைவி. அவள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எதைச் சொன்னாலும் "ஸ்டெப் எங்கே?" என்று கேட்கும் வியாதி அவளுக்கு இன்னும் குணமாகவில்லை.

"நடங்க, இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க" என்று டாக்டர் சொன்னபோது நான் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தேன். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய உடற்பயிற்சி வேறு எனக்குத் தெரியவில்லை. ஊரிலேயே வாடகைச் சைக்கிள் உண்டு. 2017-இல் 'ட்ரின் ட்ரின்' என்று 450 சைக்கிளோடு மைசூரில் ஆரம்பித்தார்கள். ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விடலாம். ஆனால் ஓய்வுபெற்ற அதிகாரி பொதுச் சைக்கிளில் போனால் பென்ஷன் போதவில்லை என்று ஊர் நினைக்கும். ஆகவே, பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் மாடியில் விட்டுச்சென்ற சைக்கிளை இறக்கினேன். மெல்லிசான சைக்கிள். டயர் 32 மில்லிமீட்டர். நான் அதில் ஏறி உட்கார்ந்த காட்சியைப் பார்த்த எதிர்வீட்டுக் குழந்தை தன் அம்மாவைக் கூப்பிட்டது.

அன்றுதான் எனக்கு அகல டயர் ஆசை பிறந்தது. வெளிவட்டச் சாலையில் பையன்கள் நாலு அங்குல டயர் போட்ட சைக்கிளில் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஹம்ப் வந்தாலும் பள்ளம் வந்தாலும் அவர்கள் கவலைப்படுவதில்லை. குவெம்பு நகரிலிருந்து கிளம்பி சாமுண்டி மலை அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் என் முதுகெலும்பு எண்ணிக்கொள்ளும் ஹம்ப்புகள் எத்தனை! அகல டயர் ஒன்றே வழி என்று முடிவு கட்டினேன். மனைவியிடம் உடல்நலக் காரணத்தைச் சொன்னேன். கம்பீரக் காரணத்தைச் சொல்லவில்லை.

டயர் வாங்கப் போகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டயரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பக்கூடாது என்பது. என் பிறந்த தேதி சர்டிபிகேட்டில் ஜூன் 1, ஹெட்மாஸ்டர் போட்டது. நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில். சைக்கிள் டயரில் அங்குலக் கணக்கும் இந்த ஜாதிதான். 26 அங்குல மலைச் சைக்கிளின் ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டத்தை அளந்தால் 559 மில்லிமீட்டர். அதாவது 22 அங்குலம். நம் அப்பாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ் இருக்கிறதே, அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது, அதில் 28×1½ என்றிருக்கும். அதன் வட்டம் 635 மில்லிமீட்டர். சரியாக 25 அங்குலம். மகனுடைய சைக்கிளில் 700சி என்றிருந்தது. அது 622 மில்லிமீட்டர். இந்த 622-க்கே ஐரோப்பாவில் 28 என்று ஒரு பெயர். மலைச் சைக்கிளில் 29 என்று இன்னொரு பெயர். ஆக, 28-ம் 29-ம் ஒன்று. ஆனால் நம்மூர் 28-ம் அவர்கள் 28-ம் வேறு வேறு. 13 மில்லிமீட்டர் உதைக்கும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 26×1.75 என்று ஒரு டயர், 26×1¾ என்று ஒரு டயர். ஒன்றின் வட்டம் 559, மற்றதன் வட்டம் 571. ஒன்று போகும் ரிம்மில் மற்றது போகாது! வாழ்நாள் முழுக்க வட்டி போட்டவன் நான். 1.75 சதவீதமும் 1¾ சதவீதமும் ஒன்றல்ல என்று யாராவது என் கவுண்டரில் சொல்லியிருந்தால் செக்யூரிட்டியைக் கூப்பிட்டிருப்பேன். மனைவியிடம் சொன்னேன். அவள் முகத்தில், திருமணத்துக்குப் பிறகு இரண்டாவது முறையாக, உண்மையான அதிர்ச்சியைப் பார்த்தேன்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தும் டயரின் பக்கவாட்டிலேயே சின்ன எழுத்தில் இருக்கிறது. 40-622 என்பதுபோல ஒரு ஜோடி எண். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டர். டயரிலும் ரிம்மிலும் இரண்டாவது எண் ஒன்றாக இருந்தால் ஜாதகம் பொருந்திவிட்டது. அங்குலத்தை மறந்துவிடலாம்.

இந்த ஞானத்தோடு 56-622 என்ற எண்ணுள்ள 29 அங்குல டயர் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். 622-க்கு 622. ஸ்டெப் எல்லாம் சரி. மெக்கானிக் டயரைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், என்னையும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். முன்சக்கரத்தின் ஃபோர்க்குக்குள் இரண்டு விரலை விட்டு, "ஜாகா எல்லிதே ஸ்வாமி?" என்றார். இடம் எங்கே இருக்கிறது என்று கன்னடத்தில் இவ்வளவு மரியாதையாகக் கேட்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. டயருக்கு இரு பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டராவது சும்மா இருக்க வேண்டுமாம். சக்கரம் கொஞ்சம் கோணினாலும், சேறு ஒட்டினாலும் உரசாமல் இருக்க. 56 போட்டால் உரசுவது இருக்கட்டும், நுழையவே நுழையாது.

ஃபோர்க்கைத்தானே மாற்ற வேண்டும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ரிம்மைக் காட்டினார். அதில் 622×19 என்று குத்தியிருந்தது. 19 என்பது ரிம்மின் உள் அகலம். டயரின் இரண்டு விளிம்புகளும் பிடித்துக்கொள்ளும் சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. வெளியே அளந்தால் நாலைந்து மில்லிமீட்டர் கூடக் காட்டும். என் மாதிரி ஆட்கள் அதைத்தான் அளப்பார்கள். டயரின் அகலம் இந்த உள் அகலத்தைப்போல 1.4 மடங்கிலிருந்து 2.2 மடங்குக்குள் இருந்தால் நல்லது என்பது பழைய கைக்கணக்கு. 19-க்கு 27-லிருந்து 42 வரை. நான் கொண்டுபோனது மூன்று மடங்கு.

மீறினால் என்ன ஆகும்? குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் அடி சிறுத்து, மேலே இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். காற்றைக் குறைத்தால் வளைவில் திரும்பும்போது டயர் ஒரு பக்கம் சாயும், ரிம் ஒரு பக்கம் போகும். ஓட்டுகிறவன் மூன்றாவது பக்கம். சரி, காற்றைக் கூட்டலாம் என்றால், அந்தப் பெரிய வயிற்றின் அழுத்தம் முழுவதும் ரிம்மின் மெல்லிய சுவர்களை வெளியே தள்ளும். இதை நான் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, அடி சிறுத்து மேலே பிதுங்குவது எப்படி என்று கையால் காட்டினேன். மனைவி என் கையைப் பார்க்கவில்லை. என் பெல்ட்டைப் பார்த்தாள்.

கடைசியில் 40-622 வாங்கினோம். 56 ஆசைப்பட்டவனுக்கு 40 ஏமாற்றந்தான். ஆனாலும் 32-லிருந்து 40 என்பது பதவி உயர்வு. மாட்டிய கையோடு, பழைய டயருக்கு அடித்த 80 பிஎஸ்ஐ காற்றையே இதற்கும் அடிக்கச் சொன்னேன். சைக்கிள் டயர் என்றால் கட்டைவிரலால் அமுக்கினால் விரல்தான் நசுங்க வேண்டும். அப்படித்தான் எங்கள் தலைமுறை வளர்ந்தது. மெக்கானிக் பம்ப்பைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அது அவருடைய மறுப்பு என்று பிறகுதான் புரிந்தது.

வீட்டில் மனைவி ஸ்டெப் போட்டாள். டயரின் துணி இழுபடும் விசை, காற்றழுத்தத்தையும் டயரின் குறுக்கையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. 32 மில்லிமீட்டர் டயரில் 80 பிஎஸ்ஐ இருந்தால் துணி எவ்வளவு இழுபடுமோ, அவ்வளவு இழுப்பு 40 மில்லிமீட்டர் டயரில் 64 பிஎஸ்ஐ-யிலேயே வந்துவிடும். 56 மில்லிமீட்டருக்கு 46 போதும். ஆகவே டயர் அகலமாக ஆக, காற்று குறைய வேண்டும். அகலத்தையும் கூட்டி அழுத்தத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டால் டயரும் ரிம்மும் ஒன்றையொன்று கிழிக்கப் பார்க்கும். டயரில் அதிகபட்சம் என்று ஓர் அளவு எழுதியிருந்தாலும் அது டயர் தாங்கும் அளவு. ரிம் தாங்கும் அளவு வேறு, அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இரண்டில் எது சின்னதோ அதுதான் உச்சவரம்பு. நாம் அடிக்க வேண்டியது அதற்கும் கீழே.

"அப்ப காத்தடைச்ச டயரே எதுக்கு? மெத்துன்னு போறதுக்கா?" என்று கிண்டலாகக் கேட்டேன். "ஆமா" என்றாள். அவள் சொன்னது சரித்திரம். காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கினார். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் அதை மறுபடி கண்டுபிடித்தார். எதற்கு? பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் தடதடவென்று போகிறதே, கொஞ்சம் மெத்தென்று போகட்டும் என்பதற்கு. ஒரு தகப்பன் பிள்ளை சைக்கிளை மெத்தென்று ஆக்கினான். இன்னொரு தகப்பன் பிள்ளை சைக்கிளைக் கல்லாக்கப் பார்த்தான். அந்த டன்லப் பெயரில் டயர் செய்த ஊரில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாமல் போனதற்கு, டயர் கம்பெனிச் சிப்பந்திகள் என் கவுண்டரில் பணம் எடுத்துக்கொண்டு பேசாமல் போனதுதான் காரணம்.

கல் மாதிரி டயர் வேகமாகப் போகும் என்பதும் வழவழப்பான தரையில்தான் உண்மை. நம் சாலையில் சின்னச் சின்ன மேடுகளில் டயர் அமுங்கிக் கொடுக்காவிட்டால் சைக்கிளும் ஆளும் சேர்ந்து மேலே துள்ள வேண்டியிருக்கிறது. மிதித்த சக்தியில் ஒரு பங்கு அந்தத் துள்ளலுக்குப் போய்விடும். காற்றை மிகவும் குறைத்தாலோ, பள்ளத்தில் ட்யூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்புக்கடி என்பார்கள். இரண்டுக்கும் நடுவே சரியான அளவு எது என்பதை டயர் அகலம் பாதி சொல்லும். மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியது சைக்கிளில் உட்காருகிறவன்.

வினை இங்கேதான் ஆரம்பித்தது. ஷ்வால்பே என்ற ஜெர்மன் கம்பெனியின் அட்டவணை ஒன்றை மகன் அனுப்பியிருந்தான். 40 மில்லிமீட்டர் டயருக்கு, ஆள் 60 கிலோவானால் 3.5 பார், 85 கிலோவானால் 4.5 பார். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

"உங்க வெயிட் எவ்வளவு?"

"எழுபத்து நாலு."

சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. எழுபத்து நாலு என்பது நான் எல்லாப் படிவங்களிலும் எழுதிவந்த எண். ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. இடையில் சயாஜி ராவ் சாலை மைசூர்பாகு கொஞ்சம் குறுக்கிட்டிருக்கலாம். எடை பார்க்கும் மெஷின் எங்கள் வீட்டில் கிடையாது. மகன் வாங்கித் தருகிறேன் என்றபோதெல்லாம் வீண் செலவு என்று தடுத்தது நான்தான்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பழைய கிராஃப் பேப்பர் கட்டை எடுத்து வந்தாள். "உங்க கார்பன் பேப்பர் இருக்கா?" என்று கேட்டாள். வங்கிக்காரன் வீட்டில் கார்பன் பேப்பர் இல்லாமலா? என் டயர் ஞானத்துக்கு ஒருவழியாக மரியாதை கிடைக்கிறது என்று நினைத்து, ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பவன் இவ்வளவு சுறுசுறுப்பாகத் திரித்திருக்க மாட்டான்.

இரண்டு சக்கரத்துக்கும் 57 பிஎஸ்ஐ காற்றடித்தாள். அது சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ. பெருக்கச் சௌகரியம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் கிராஃப் பேப்பர், அதன்மேல் கார்பன். "சுவத்தைப் புடிச்சுக்கிட்டு மெதுவா உக்காருங்க. தரையில காலை ஊனக் கூடாது" என்றாள். உட்கார்ந்தேன். இறங்கியதும் பேப்பரை எடுத்தாள். டயர் தரையைத் தொட்ட இடம் நீல நிறத்தில் இரண்டு முட்டை வடிவமாகப் பதிந்திருந்தது. முன்சக்கரம் சின்ன முட்டை, பின்சக்கரம் பெரிய முட்டை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டங்களை எண்ணினாள். முன்னால் 10 சதுர சென்டிமீட்டர், பின்னால் 14½.

"மொத்தம் 24½. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 4 கிலோ தாங்குது. 98. இதுல சைக்கிள் 13 கிலோ போனா, மீதி 85."

வராந்தாவில் சிறிது நேரம் காக்கை மட்டும் பேசியது.

சும்மா விடுவேனா? "டயருக்குன்னு ஒரு விறைப்பு இருக்கு. அதுவும் கொஞ்சம் எடையைத் தாங்கும். உன் கணக்குல அது வரலை" என்றேன். ஆடிட்டர்களையே இப்படி மடக்கியவன் நான்.

"வாஸ்தவம். அது தாங்குற எடையை நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தா 85-க்கு மேல போகும். சேர்க்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். கடைசி ஆயுதமாக பம்ப்பிலிருக்கும் மீட்டரின் மேல் பழியைப் போட்டேன். மலிவு பம்ப், மீட்டர் கூட்டிக் காட்டும் என்றேன்.

"சரி, மூணு கிலோன்னே வச்சுக்குவோம். 24½-ஐ மூணால பெருக்கினா 73½. சைக்கிள் போக அறுபதரை. கல்யாணத்தன்னிக்கே நீங்க அறுபத்திரெண்டுங்க. எங்கப்பா விசாரிச்சுட்டுத்தான் குடுத்தாரு."

மாமனார் அந்தக் காலத்தில் என் எடையை எங்கே விசாரித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

எடை ஒருவழியாக வெளியே வந்த பிறகு மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. டயர் சரியாக அமுங்குகிறதா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்க சைக்கிள் எழுத்தாளர் பிரபலமாக்கியது. ஆள் உட்கார்ந்தால் டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும் என்பார். 40 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர். மனைவி தையல்பெட்டி ஸ்கேலை வைத்து, நான் ஏறுவதற்கு முன்னும் பின்னும் தரையிலிருந்து ரிம் விளிம்புவரை அளந்தாள். பின்சக்கரத்துக்கு 57 பொருந்தியது. முன்சக்கரத்தில் எடை குறைவாக விழுகிறதே, அதற்கு 42 போதும் என்றாள். இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு அடிப்பது நம் ஊர் வழக்கம். சைக்கிள் மேல் உட்காருகிறவன் எடையைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. என் எடையைக் கேட்டால், பெரும்பகுதி எந்தப் பக்கம் சேமிப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் காற்றோடு ஓட்டிப் பார்த்தேன். ஹம்ப்பில் பல் தெறிக்கவில்லை. வளைவில் சைக்கிள் நான் நினைத்த பக்கமே போயிற்று. அகல டயரின் சுகம் அகலத்தில் இல்லை, அகலத்தால் குறைக்க முடிந்த காற்றில் இருக்கிறது என்று புரிந்தது. சாமுண்டி மலை மட்டும் எந்தக் காற்றுக்கும் மசியவில்லை. பாதி வழியில் இறங்கித் தள்ளினேன். மனைவி ஆயிரம் படிக்கட்டையும் ஏறிக் கும்பிட்டுவிட்டு, எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

டயர், ரிம், காற்று மூன்றையும் அடக்கி ஒரு சீட்டு இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது: 'ரிம் 19. டயர் 40. பின் 57, முன் 42.' அதன் கீழே அடைப்புக்குறிக்குள், '85 கிலோவுக்கு மட்டும்.' மாதம் பிறந்தால் கிராஃப் பேப்பர் வெளியே வருகிறது. அரை சதுர சென்டிமீட்டர் கூடினால் இரண்டு கிலோ. அந்த மாதம் மைசூர்பாகு வீட்டுக்குள் வராது. பேப்பரில் முட்டை சிறிதாகத் தெரிய, அளக்கும் அன்று ரகசியமாக முன்கூட்டியே காற்றைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். அழுத்தம் கூடினால் பரப்பு குறையும் என்பது எனக்கும் தெரிந்துவிட்டதல்லவா? அவள் அளப்பதற்கு முன்னால் மீட்டரைப் பார்த்துவிடுகிறாள்.

பக்கத்து வீட்டுக்காரரும் புதிதாகச் சைக்கிள் வாங்கியிருக்கிறார். நல்ல பருமன். "எவ்வளவு காத்து அடிக்கணும் சார்?" என்று என்னிடம் கேட்டார். டயர் ஊர்க்காரன் என்ற முறையில், முறையாகக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்று ஆரம்பித்து, கார்பன் பேப்பர் விஷயத்தை விளக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை அவர் மனைவி வந்து, இரண்டு கிராஃப் பேப்பர் கடன் கேட்டார்.